இரண்டு கிலோ

“இறங்கி மறுபடி ஏறுங்க,” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

கெஸியா எடை மெஷினிலிருந்து இறங்கினாள். கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலின் கல்யாணக் கூடம் அது. முந்தின நாள் வரவேற்பின் பூ அலங்காரம் மேடையில் பாதி பிரிக்கப்பட்டுக் கிடந்தது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது.

“ஐம்பத்திரண்டுக்குத்தானே ஒப்பந்தம்? ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டே வந்திருக்கலாமேம்மா,” என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவளுடைய பயிற்சியாளர் ஷிஜோ சிரிக்கவில்லை. “மெஷின் கம்ப்ளெயின்ட் ஆணு,” என்றார். மறுநாள் குத்துச்சண்டையில் இவளோடு மோத வேண்டிய ஷைனா கொச்சியிலிருந்து வந்திருந்தாள். அவளும் அதே மெஷினில் ஏறினாள். ஐம்பத்தொன்று புள்ளி எட்டு. மெஷினில் ஒரு குறையும் இல்லை.

போட்டோவுக்காக இருவரும் முஷ்டியை உயர்த்தி எதிரெதிரே நின்றார்கள். ஷைனாவின் கை அசையாமல் இருந்தது. கெஸியா முஷ்டியை இன்னும் இறுக்கினாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

ஐம்பத்திரண்டு வந்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் எஸ்டேட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். மீதி இரண்டு கிலோ எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் நம்பி வந்த தராசு கோத்தகிரிக்குக் கீழே அந்தத் தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருந்தது. பெண்கள் பறித்துக் கட்டிய மூட்டைகளைச் சுமந்து வந்து அதன் மேல் வைப்பார்கள். எண் தெரியும் முகம் எடைக்காரர் மயில்சாமியின் பக்கம் திரும்பியிருக்கும். அவர் வாயால் சொல்வதுதான் எடை. சாக்குக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துக்கொண்டுதான் சொல்வார். மழைக்காலத்திலும் இரண்டு, இலை சருகாகக் காயும் பங்குனியிலும் இரண்டு. ஆபீசில் கேட்டால் அப்படி ஒரு கழிவே கிடையாது என்பார்கள். மயில்சாமியும் அதையேதான் சொல்வார்.

அந்தப் பக்கம் போய் எண்ணைப் பார்க்க ஒருத்திக்கும் தடை இல்லை. ஒருத்தியும் போனதும் இல்லை. போய்ப் பார்த்தால் மயில்சாமியை முகத்துக்கு நேரே திருடன் என்று சொன்னதாக ஆகிவிடும். அவர் கெட்ட மனிதரும் இல்லை. பிரசவ வலி கண்டால் ஜீப் பிடித்துத் தருகிறவர். சாவு விழுந்தால் முதலில் வந்து பாடைக்கு மூங்கில் வெட்டுகிறவர். பெண்கள் அவர் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு, மனதுக்குள் இரண்டைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கெஸியா பத்தாவது படிக்கும்போது அந்தத் தராசுக்கு வந்தாள். அப்போது அது கொக்கித் தராசு. கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்திருந்த ஷிஜோ, கூடலூர்ப் பக்கத்து மலையாளி, பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவர், பெண்பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். எந்த எடைப் பிரிவு என்று தெரிந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார். அவள் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினாள்.

“மேஸ்திரி, நல்லாப் பார்த்து நிறுங்க. முத்தின எலை கலந்து கெடக்குது!” என்று மூட்டையோடு வரிசையில் நின்ற அங்கம்மா கத்தினாள்.

“நாப்பத்தொன்னு,” என்றார் மயில்சாமி.

“ரெண்டு சேத்துக்க புள்ள,” என்று அவளுடைய அம்மா தபித்தாள் காதோடு சொன்னாள். சனிக்கிழமை ஷிஜோவின் பயிற்சி ஷெட்டில் இருந்த மெஷினில் ஏறியபோது நாற்பத்து மூன்று காட்டியது. அன்றிலிருந்து அது ஒரு கணக்கு. கொக்கி போய் மின்தராசு வந்தது. கணக்கு மாறவில்லை. வாரநாளில் கொட்டகை, சனிக்கிழமை ஷெட், நடுவில் எப்போதும் இரண்டு கிலோ. எடை விஷயத்தில் அவள் ஒரு முறைகூடப் பிசகியதில்லை. மற்றது எல்லாம் பிசகியது.

முதல் மாவட்டப் போட்டியில் அவளுடைய பிரிவில் வேறு ஆளே வரவில்லை. ஒரு குத்துக்கூட விடாமல் தங்கப் பதக்கத்தோடு எஸ்டேட் குடியிருப்புக்கு, லயத்துக்கு வந்தாள். “எதுத்து நிக்க ஆளே இல்லியா? அப்படிப் பார்த்தா எனக்கும் ஒன்னு தரலாமே,” என்றாள் அங்கம்மா. மாநிலப் போட்டிக்குச் சென்னை போனாள். குளிரில் வளர்ந்த உடம்பு, முதல் ரவுண்டிலேயே வெயிலுக்குத் தோற்றது. அடுத்த வருடம் வெள்ளி. அதற்கடுத்த வருடம் தங்கம், இந்த முறை எதிரில் ஆள் இருந்தாள். தேசியப் போட்டி வடக்கே ஒரு ஊரில். சப்பாத்தியைச் சாயாவில் தொட்டுத் தின்றுகொண்டு கால் இறுதி வரை வந்தாள். ஐந்து நடுவரில் மூன்று பேர் எதிராளிக்குப் போட்டார்கள். மறுபடி போனாள். மறுபடியும் கால் இறுதி. அரையிறுதிக்கு வந்தால் வெண்கலம். வெண்கலம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் குந்தா மின்நிலையத்திலோ ரயில்வேயிலோ வேலைக்கு வாசல் திறக்கும். கால் இறுதிக்கு ஒன்றும் திறக்காது. நாலு முறை போய் நாலு முறையும் அந்த இடத்திலேயே நின்றாள். அவளை அடித்த பெண்களுக்கு வயது குறைந்துகொண்டே வந்தது.

“இனி அமெச்சூர் மதி, கெஸி, போதும்,” என்றார் ஷிஜோ. “புரொபஷனல் ஆகு. அங்க வயசு கேக்க மாட்டாங்க, டிக்கெட் வித்தாச் சரி.”

அங்கே தலைக்கவசம் கிடையாது. கையுறை சிறியது. புள்ளிக்காகத் தொட்டுவிட்டு ஓடுகிற சண்டை அங்கே செல்லாது. நின்று வாங்கி, நின்று கொடுக்க வேண்டும். அவள் மறுபடி முதலிலிருந்து கற்றாள். பெங்களூரில் ஒரு மாலின் கார் நிறுத்துமிடத்தில் முதல் சண்டை. மைக்கில் ஒருவன் அவளுக்கு ‘டீ எஸ்டேட் டைகர்’ என்று பெயர் வைத்தான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஜெயித்தாள். அடுத்தது ஒரு திருமண மண்டபத்தில், முன்வரிசைக்காரர்கள் பிரியாணி தின்றுகொண்டு பார்த்தார்கள். அதையும் ஜெயித்தாள். இரண்டு வருடத்தில் ஒரு தோல்வியும் இல்லை. வந்ததெல்லாம் பயணத்துக்கும் முட்டைக்கும் சரியாகப் போனது.

ஷைனாவோடு மோதுவது வேறு கணக்கு. ஜெயிக்கிறவளுக்கு இந்தியப் பட்டத்துக்கான சண்டை, மூன்று வருட ஒப்பந்தம், பெங்களூரில் தங்க இடம். தோற்றவளை வைத்துக்கொண்டு தனக்கு வேலை இல்லை என்று போட்டியை நடத்தும் பெங்களூர் ஏற்பாட்டாளர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. தபித்தாளுக்கு அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. எஸ்டேட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான் லயத்தில் வீடு. அம்மாவின் பேர் எடுபட்டால் மகள் பேர் கொடுக்க வேண்டும், இல்லை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை. கூடப் பிறந்தவர் இல்லை. தாத்தா கண்டியிலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வேறு கூரை இருந்ததில்லை. ஆபீசில் கேட்டபோது, “போட்டி முடியட்டும், சொல்றேன்,” என்றாள் கெஸியா. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டக் கூடாது என்றுதான் அவள் பத்தாவதில் அந்தக் கொக்கியில் தொங்கினாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. தபித்தாளுக்குத் தெரியும்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மழை பிடித்தது. எஸ்டேட் ரோட்டில் மண் சரிந்து ஜீப் நின்றுபோனது. கோத்தகிரி ஷெட்டுக்குப் போக வழியில்லை. கடைசியாக அங்கே ஏறிய சனிக்கிழமை அவள் ஐம்பத்தைந்து இருந்தாள். லயத்து முற்றத்தில் கயிறு தாண்டினாள். சாக்கில் தேயிலைத் தூசியை அடைத்து மரத்தில் கட்டிக் குத்தினாள். ஷிஜோ போனில் வீடியோ பார்த்துக் கத்தினார்.

அந்த வாரத்தில்தான் போட்டியின் போஸ்டர் வந்தது. அங்கம்மாவின் மகன் அதைப் பெரிதாக அச்சடித்து வந்து எடைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினான். கெஸியா கண்ணை உருட்டிக்கொண்டு முஷ்டியோடு நின்றாள். “இந்த மூஞ்சியப் பார்த்தா கொழுந்தே சுருங்கிப் போயிரும்,” என்றாள் அங்கம்மா. மயில்சாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் தராசில் ஏறினாள். “அம்பத்தி நாலரை,” என்றார் மயில்சாமி.

இரண்டைக் கூட்டினாள். ஐம்பத்தாறரை. மழைக்குள் அடைந்து கிடந்ததில் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது. இருபத்தெட்டு வயதில் உடம்பு இப்படித்தான் ஏமாற்றும் என்று ஷிஜோ முன்பே எச்சரித்திருந்தார். அன்று ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். பிறகு காலை ராகிக் களியை. பிறகு முட்டையின் மஞ்சளை.

“எலும்பாப் போயிட்டே புள்ள. கண்ணு உள்ள போயிருச்சு,” என்றாள் தபித்தாள்.

“எடை இன்னும் எறங்கணும்மா.”

“என்னத்துக்கு எறங்கணும்? இருக்கறதே இல்லியே.”

கடைசி இரண்டு நாளும் ஃபேக்டரியில் டிரையர் அறையில் உட்கார்ந்தாள். தேயிலை வறுபடும் சூடு. டிரையர் பார்க்கும் கந்தன் அங்கம்மாவின் புருஷன். அவள் மழைக்கோட்டுக்குள் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு மெஷின் ஓரம் ஸ்டூலில் குந்தியிருந்தாள். “ஏம்புள்ள, தண்ணி எதாச்சும் குடிக்கிறியா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் தலையை ஆட்டினாள். ஒரு முறை எழுந்தபோது சுவர் சாய்ந்தது. கந்தன் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து நேராக எடைக் கொட்டகைக்குப் போனாள்.

“சரியா அம்பது,” என்றார் மயில்சாமி. அவர் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஐம்பது. இரண்டு சேர்த்தால் ஐம்பத்திரண்டு. மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்திருந்தார்கள். அவள் முதல் ஜீப்பில் ஏறிக் கோயம்புத்தூர் போனாள்.

கல்யாணக் கூடத்திலிருந்து ஓட்டல் அறைக்கு வந்ததும் ஷிஜோ உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கி நீட்டினார். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“சொல்லு அம்மிணி! எடை சரியா வந்துச்சா?” மயில்சாமியின் பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. மத்தியான எடை நேரம்.

“வந்துச்சுங்கண்ணா. ஒன்னு கேக்கணும். எனக்கு எப்பவும் சொல்ற மாதிரித்தானே சொன்னீங்க?”

“எப்பவும்னா?”

“எல்லாருக்கும் சொல்ற மாதிரி.”

சத்தம் குறைந்தது. அவர் கொட்டகையை விட்டு வெளியே வருகிறார் என்று தெரிந்தது. மழை விழும் ஓசை மட்டும் கேட்டது.

“சேச்சே,” என்றார் தாழ்ந்த குரலில். “உனக்குப் போயி அப்படிச் சொல்லுவனா? முன்னெல்லாம் பழக்கத்துல வந்துரும், அது வேற. அந்தப் படத்தைச் சுவத்துல பார்த்ததுல இருந்து எனக்கு மனசே கேக்கல. மெஷின்ல என்ன இருந்துச்சோ அதேதான் உனக்குச் சொன்னேன். சத்தியமா அம்மிணி. ஒரு கிராம் கழிக்கல.”

அந்த எஸ்டேட்டில் இத்தனை வருடத்தில் கழிப்பது உண்டு என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் முறை.

“சரிங்கண்ணா.”

“ஏன், எதுனா ஆச்சா?”

“ஒன்னுமில்லீங்க. சரியா இருந்துச்சு.”

போனை வைத்தாள். ஷிஜோவிடம் சொன்னாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

“மெஷின் காட்டுற நம்பரை நீ பார்க்கலையா?”

“அது அவர் பக்கம் இருக்கும் மாஸ்டர்.”

“அந்தப் பக்கம் போய்ப் பார்க்கக் கூடாதா? எந்தா இது?”

“யாரும் போக மாட்டாங்க.”

“ஏன்?”

அவள் யோசித்துப் பார்த்தாள். கூடலூர்க்காரருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம், மோளே. காய்ச்சல்னு நான் எழுதிக் கொடுக்கும்.”

“சொன்னா மறுபடி கூப்பிடுவாங்களா?”

ஷிஜோ தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்தாள். சிறிது நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. கஞ்சி குடித்தாள். அதுவும் வந்தது. போட்டியன்று காலையில் இரண்டு இட்லி தங்கியது. கல்யாணக் கூடத்து மெஷினில் ஏறினாள். ஐம்பத்தொன்று. ஷைனா இதற்குள் தின்று குடித்து ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பாள் என்று இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். தபித்தாள் முழங்கால் வலியோடு அங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மயில்சாமி கோயம்புத்தூர்ப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மடித்த போஸ்டரைக் கையில் வைத்திருந்தார். சுவரிலிருந்து கவனமாக உரித்துக் கொண்டுவந்திருந்தார்.

முதல் இரண்டு ரவுண்டும் கெஸியாவுடையவை. இருக்கிற பலத்தை முதலிலேயே போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இடது கை நீண்டு நீண்டு ஷைனாவின் நெற்றியைத் தொட்டது. “வெட்டுடி! கவாத்துல செடிய வெட்டற மாதிரி வெட்டு!” என்று அங்கம்மாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. மூன்றாவதில் கால் கனத்தது. முதுகு முழுக்க வேர்த்திருக்க வேண்டிய நேரம், அவள் தோல் காய்ந்து கிடந்தது. ஷைனா அதைப் பார்த்துவிட்டாள். நெருங்கி வந்து விலாவில் குத்தினாள். சத்தமில்லாத குத்து, பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான்காவதில் கெஸியாவின் கை தானாகக் கீழே இறங்கியது. ஏற்றினாள். மறுபடி இறங்கியது. யாரோ ஒருவருடைய கையை அவள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போலிருந்தது.

“நிறுத்தட்டா?” என்று மூலையில் ஷிஜோ கேட்டார்.

“வேண்டாம்.”

“சொல்றதைக் கேளு, மோளே…”

“வேண்டாம் மாஸ்டர். பெங்களூர் வீடு போயிரும்.”

ஐந்தாவதில் இடது கண்ணில் வாங்கினாள். விளக்குகளின் ஒரு பாதி அணைந்தது. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. அவள் கீழே விழவில்லை. கயிற்றில் சாய்ந்து, கையைத் தொங்கவிட்டு, நின்றுகொண்டிருந்தாள். நடுவர் நடுவில் புகுந்து இரண்டு கையையும் ஆட்டினார். ஷைனா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து மலையாளத்தில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். பெங்களூர்க்காரர் எழுந்து ஷைனாவின் மூலைக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு திரை கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து ஒட்டலாம், ஆனால் இனி அந்தக் கண்ணில் ஒரு அடிகூடப் படக் கூடாது என்றார். “விளையாட்டை மறந்துருங்க,” என்றார். ஷிஜோ வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

வேன் கிளம்புவதற்கு முன் மயில்சாமி ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்று என்ன பேசுவது என்று தெரியாமல் பையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்.

“உசுரைக் குடுத்துத்தான் நின்ன அம்மிணி. நாங்க எல்லாரும் பார்த்தம்.” பிறகு சொன்னார்: “இன்னும் கொஞ்சம் சதை போட்டிருக்கலாம் நீ. அவ முன்னால காத்துல போற மாதிரி இருந்த.”

கெஸியா ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஆமாங்கண்ணா,” என்றாள்.

“அவளுக்கு வாய் காஞ்சிருக்கு, பேச வைக்காதீங்க மேஸ்திரி,” என்றாள் தபித்தாள். ஒரு ஆரஞ்சை உரித்து, கொட்டையை எடுத்துவிட்டு, மகள் வாயில் வைத்தாள்.

மறுநாள் காலையில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். ஷிஜோ பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் வந்தார். கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கித் தருவதாகச் சொன்னார். அவருக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் இருந்ததால் முந்தின பஸ்ஸில் போய்விட்டார். அம்மாவும் மகளும் மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினார்கள். வளைவுகளில் தபித்தாளுக்கு வாந்தி வந்தது. கெஸியா பையைப் பிடித்தாள். கோத்தகிரியில் கண் சொட்டு மருந்தும் ஒரு ரொட்டியும் வாங்கினார்கள். ஜீப்பில் எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

எஸ்டேட் ஆபீஸ் திறந்திருந்தது. கிளார்க் ரேச்சல் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். கெஸியா பேர் கொடுத்தாள். ஃபேக்டரி வேலை இருக்கிறதா என்று கேட்டாள். பெண்களுக்கு இப்போது ஃபேக்டரியில் இடம் இல்லை, கொழுந்துதான் என்றாள் ரேச்சல். கண் சரியாகும் வரை லீவு கிடைக்குமா என்று கேட்டாள். பேர் கொடுத்தவுடனே லீவு கிடையாது, ஆபரேஷன் நாளுக்குச் சம்பளமில்லாமல் போகலாம் என்றாள். திங்கட்கிழமை காலையில் ஏழாம் நம்பர் தோட்டத்துக்கு வரச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இருவரும் ரொட்டியும் சாயாவும் சாப்பிட்டார்கள். மழை விட்டிருந்தது. தபித்தாள் தன்னுடைய பழைய ரப்பர் செருப்பையும் இடுப்பில் கட்டும் படங்குச் சீலையையும் எடுத்துத் துடைத்து வைத்தாள். செருப்பு கெஸியாவுக்கு ஒரு அளவு சிறியது. முன்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிடலாம் என்றாள் தபித்தாள். கெஸியா சரி என்றாள். சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, வலது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.